தேர்ந்தோர் எண்ணிக்கை

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூவரும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அலுவலக நாற்காலிக்கு ஒரு தலையணை வாங்கிக்கொள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன், வாங்கியிருக்க மாட்டாய். அத்தானின் தையல் கடையில் மிச்சத் துணி கிடக்கிறது. ஒன்று தைத்து அனுப்பச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைத் திருத்தி இதனுடன் வைத்திருக்கிறேன். மொத்தம் ஒன்பது பிழை, அதில் ஏழு ஒற்றுப் பிழை. கல்வித் துறைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு 'படித்து பார்த்தேன்' என்று எழுதுகிறாய். நடுவில் ஒரு 'ப்' போட என்ன சிக்கனம்? சிரிக்காதே. உன்னை மாதிரி ஆட்கள் எழுதுவதுதான் சுற்றறிக்கையாக ஊர் ஊராகப் போகிறது.

சுற்றறிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் துறையிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. 'உயர்பாட ஆயத்தத் திட்டம்' என்று பெயர். தொடக்கப் பள்ளியிலேயே கணக்கிலும் அறிவியலிலும் அடித்தளம் போட்டுவிட்டால், உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் பிள்ளைகள் மேற்கணக்கு, இயற்பியல் போன்ற கடினமான பாடங்களைத் துணிந்து எடுப்பார்கள் என்று அரசு நிதி ஒதுக்கியிருக்கிறது. பிள்ளைக்கு ஒரு பாடநூல், ஒரு கருவிப் பெட்டி, ஆசிரியருக்குப் பயிற்சி. பதினான்கு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். எங்கள் பள்ளியிலிருந்து போனவர்களில் ஒருத்தர்கூட மேற்கணக்கு எடுத்ததில்லை. "அதெல்லாம் நமக்கு எதுக்கு டீச்சர்" என்று வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

படிவத்தை எழுதியவர் யாரோ தெரியவில்லை, தமிழில் மகா கஞ்சர். இருந்தாலும் நிரப்பி அனுப்பிவிட்டேன். இந்த வருஷம் என் நான்காம் வகுப்பில் முப்பத்தொரு பேர். உன் மருமகள் சில்வண்டும் அதில் ஒருத்தி. வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர் என்று குழம்பிப்போய், நேற்றுச் சாப்பிடும்போது கையைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் சிவப்பு மையும் கிடைத்தன. முதுகு அப்படியே இருக்கிறது. தலையணை வந்தால் நன்றாக இருக்கும். அத்தானின் கண் பரிசோதனை என்ன ஆயிற்று? ஊசியில் நூல் கோக்க இன்னும் சில்வண்டைத்தான் கூப்பிடுகிறாரா?

படிவத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பெரிய அலுவலகம், பல கை பட்டு வெளியே போவது. யாரை என்று குறை சொல்வது?

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசிப் பக்கத்தில் 'தேர்ந்தோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்குமே. அதில் என்ன எழுதினாய்? சும்மாதான் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தில் ஒற்றுப் பிழையே இருக்காது. மூன்று முறை படித்துப்ப் பார்த்துவிட்டேன்.

உன் தம்பி


ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அத்தான் கண்ணாடி போட்டுவிட்டார். போட்ட அன்றே கடை மூலையில் தூசி இருக்கிறது என்று என்னிடம் குறை சொன்னார்.

இரண்டு 'ப்' போட்டிருக்கிறாய். மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரே இடத்தில் செலவழித்துவிட்டாயா?

அந்தக் கட்டத்தில் முப்பத்தொன்று என்று எழுதினேன். வேறு என்ன எழுத? தேர்ந்த தச்சர், தேர்ந்த பாடகி என்கிறோம். கைவந்தவர் என்று அர்த்தம். ஆண்டு முடிவில் எத்தனை பேர் தேர்ந்தவர்களாக இருப்பார்கள் என்று கேட்கிறார்கள். என் வகுப்பில் அத்தனை பேரும் என்று பதில் சொன்னேன். யாராவது எனக்கு இப்படி ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று இருந்தேன், தெரியுமா? வழக்கமாக எத்தனை பேர் தேற மாட்டார்கள் என்றுதான் கேட்பார்கள்.

விதிப்படி ஒரு தேர்வும் வைத்தேன். யாருக்கு எங்கே தடுக்குகிறது என்று பார்க்க உதவியது. பணம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை, பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். அத்தான் கடையிலிருந்து காலி அட்டைப் பெட்டிகளும் பொத்தான்களும் கொண்டுபோனேன். மூடிய பெட்டி ஒன்று, வெளியே ஏழு பொத்தான், மொத்தம் பன்னிரண்டு. பெட்டிக்குள் எத்தனை? அவ்வளவுதான். பெரிய வகுப்பில் எழுத்துப் போட்டுப் பயமுறுத்தும் கணக்கு இதுதான் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

நீ ஏன் அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டாய்?

அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தலையணை வந்தது. பதில் எழுதத் தாமதம். வேலை கழுத்து வரை இருக்கிறது.

உன் விண்ணப்பம் திரும்பி வரும். வந்ததும் பதறாதே. தேர்ந்தோர் என்றால் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டோர் என்று பொருள். தேர்வில் முதல் எட்டு இடம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் நிதி. முப்பத்தொன்றை அடித்துவிட்டு எட்டு என்று எழுதி அனுப்பு. உறுதியாகக் கிடைக்கும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

சில்வண்டு என்ன மதிப்பெண் வாங்கினாள்? எட்டுக்குள் இருக்கிறாள் அல்லவா?

தம்பி


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ நலமாக இரு.

விண்ணப்பம் வந்தது. முப்பத்தொன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'பொருந்தாது' என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையால் திருத்தப்படுவது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும்.

தலைமையாசிரியர், "எட்டுன்னு போட்டு அனுப்பும்மா, வர்றதை ஏன் விடணும்?" என்கிறார். எட்டு பேரை எழுப்பிப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போக வேண்டும். மிச்சம் இருபத்து மூன்று பேர் இங்கே உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி திறக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டும். ஒன்பது வயதில் 'நீ இதற்கு இல்லை' என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

என் வகுப்பில் ஒருத்திக்குக் 'கடைசி மணி' என்று பெயர். மணி அடித்து முடிகிற நொடியில்தான் உள்ளே நுழைவாள். தேர்வில் அவளுக்குத்தான் கடைசி இடம். போன வாரம் அவள் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல அஞ்சு இருக்குன்னு கணக்கு சொல்லுது, ஆனா சத்தம் நாலுதான் சொல்லுது" என்றாள். திறந்து பார்த்தால் ஒரு பொத்தான் அட்டை மடிப்பில் சிக்கியிருந்தது. கணக்கை நம்புவதா காதை நம்புவதா என்று வகுப்பே அரை மணி நேரம் சண்டை போட்டது. இவளையா நான் சுவருக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போவேன்?

அந்தப் படிவத்தை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன். எட்டு என்று எழுத மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சில்வண்டும் நலமென்று நினைக்கிறேன். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

அந்தப் புண்ணியவான் நான்தான்.

பிப்ரவரியில் என்னைத் திட்டப் பிரிவுக்கு மாற்றினார்கள். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் சுற்றறிக்கையையெல்லாம் திருத்தி அனுப்பிவிடுவாய் என்று பயம். படிவத்தின் வரைவு என்னுடையது. முதலில் 'தேர்ந்தெடுக்கப்பட்டோர் எண்ணிக்கை' என்றுதான் எழுதினேன். கட்டம் இரண்டு விரல் அகலம். கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு, "இவ்ளோ நீளமா எழுதினா எங்கப்பா இடம்? சுருக்கு" என்றார். "தேர்ந்தோர்னு போடலாமா சார்?" என்றேன். "போடு போடு, புரிஞ்சா சரி" என்றார். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு அது சரியாகத்தான் புரிந்தது. எல்லோரும் எட்டு, ஏழு என்று எழுதினார்கள். அதற்கு உண்மையான அர்த்தம் எழுதியது நீ ஒருத்தி மட்டும்.

விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதும் நான்தான். உன் எழுத்தைப் பார்த்ததும் உன் விண்ணப்பம் என்று தெரிந்துவிட்டது. அந்தச் சிவப்பு வட்டம் கண்காணிப்பாளர் போட்டது. ஆனால் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். நம் உறவை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. உடனே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அலுவலகத்துக்கு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. டீச்சரின் மகள் முதல் எட்டுக்குள் வரவில்லை, அவளைச் சேர்க்கத்தான் முப்பத்தொன்று என்று எழுதினார் என்று. யார் எழுதியது என்று தேடாதே. போன முறை நான் கேட்டும் நீ மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. இப்போதாவது சொல்.

உன் தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மூன்று நாளாக உன் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் கோபம் தலைக்கேறியது. பிறகு இரண்டு விரல் அகலக் கட்டத்தின் முன்னால் நீ திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை உன் கடிதத்தைத் திருத்தவில்லை.

சில்வண்டு ஒன்பதாவது. எட்டாவது பிள்ளையை விட அரை மதிப்பெண் குறைவு.

முப்பத்தொன்று என்று எழுதி அனுப்பியது ஜூன் மாதம். தேர்வு நடந்தது அதற்குப் பிறகு. அதனால் என் மேல் தப்பில்லை என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் நீ எட்டு என்று எழுதச் சொன்னபோது, கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்ததே, அது மிச்சம் இருபத்து மூன்று பேருக்காகவா, ஒருத்திக்காகவா? அவள் எட்டாவதாக வந்திருந்தால் நான் இவ்வளவு துள்ளியிருப்பேனா? நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் நீ மதிப்பெண்ணைக் கேட்டபோது வாயைத் திறக்கவில்லை.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். முப்பது என்று திருத்திக்கொள். சில்வண்டு இதில் இல்லை. பெட்டிக் கணக்கு நடக்கும்போது அவளை நூலகத்தில் உட்கார வைக்கிறேன். இதைக் கேட்டதிலிருந்து அத்தான் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஊர் வாய் அடைபட்டால் போதும். முப்பது பேருக்கு வாங்கிக் கொடு.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகும் பரவாயில்லை.

முப்பது என்று திருத்த மாட்டேன். உன் கடிதத்தை ஒட்டி நான் ஒரு எண்ணை மாற்றினால் அதுதான் தப்பு. அதற்குப் பதில் இயக்குநருக்கு என் கையால் ஒரு குறிப்பு எழுதினேன். சாரத்தை மட்டும் சொல்கிறேன்: இந்த ஆசிரியை என் உடன்பிறந்த அக்கா, இதை முதல் நாளே நான் தெரிவித்திருக்க வேண்டும். இந்தக் கோப்பை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள். 'தேர்ந்தோர்' என்ற சொல்லைப் போட்டது நான். அதை அவர் படித்த விதம் சரி, நான் எழுதிய விதம் பிழை. விண்ணப்பம் தேர்வுக்கு முன்பே வந்துவிட்டது. அலுவலக முத்திரையில் தேதி இருக்கிறது. வகுப்பை ஒருவர் நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "ஏம்ப்பா, உனக்கென்ன பைத்தியமா? யாருமே கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில் எழுதுற?" என்றார். குறிப்பை வாங்கிக்கொண்டு இயக்குநர் அறைக்கு நடந்தேன்.

இயக்குநர் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் ஆய்வாளர் ஒருவர் வருவார். என்றைக்கு என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். எனக்கு வேறு இருக்கை கொடுத்திருக்கிறார்கள். நல்ல வெளிச்சம். அதைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

சில்வண்டை வகுப்பில் உட்கார வை.

தம்பி


அக்டோபர் 10

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலம்தானா? உன் புது இருக்கை எது என்று எழுதவே இல்லை.

ஆய்வாளர் நேற்று வந்தார், ஒரு பெண்மணி. நரைத்த முடி, ஓட்டக்காரர் மாதிரி காலணி, கையில் சொந்தத் தண்ணீர்ப் புட்டி. ஒரு வார்த்தை உபசாரம் வேண்டாம் என்று நேராகப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். தலைகளை எண்ணினார்.

"முப்பத்தொண்ணு இருக்கணும். முப்பதுதான் இருக்கு. ஒரு ஆள் எங்க?"

நான் வாயைத் திறக்குமுன் முன் பெஞ்சுக்காரி எழுந்துவிட்டாள். "டீச்சர் பொண்ணு நூலகத்துல இருக்கா மேடம். டீச்சர்தான் போகச் சொன்னாங்க."

ஆம், நீ சொல்லியும் கேட்கவில்லை. "அவ என் மக மேடம். அவளுக்காகத்தான் எல்லாரையும் சேர்த்தேன்னு ஒரு பேச்சு. அதான்" என்றேன்.

"பேச்சு உங்களைப் பத்தி. பாடம் போனது அவளுக்கா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரே எழுந்துபோய்ச் சில்வண்டைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

பிறகு, "தேர்வுல முதல் எட்டு யாரு? எழுந்து நில்லுங்க" என்றார். ஒருவரும் எழவில்லை. நான்தான் மதிப்பெண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லையே! பட்டியல் ஆசிரியர் அறையைத் தாண்டவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி, "எட்டு பேருன்னா ரெண்டு பெஞ்சு மேடம். முன்னாடி ரெண்டா, பின்னாடி ரெண்டா?" என்றாள். ஆய்வாளர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். சிரிப்பை மறைக்கத்தான் குடித்தார் என்று நினைக்கிறேன்.

கரும்பலகையில் அவரே எழுதினார்: மூன்று பெட்டியும் நான்கு பொத்தானும் சேர்ந்தால் பத்தொன்பது. விரலை நீட்டினால், தம்பி, நேராகக் கடைசி மணியிடம் போய் நின்றது! அவள் எழுந்தாள். சன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் முழுசாக ஓடியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை.

"வெளிய இருக்குற நாலை எடுத்துட்டா பதினஞ்சு. மூணு பெட்டியும் ஒண்ணு மாதிரிதான? அப்ப ஒவ்வொண்ணுலயும் அஞ்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் மடிப்பைப் பாத்துக்குங்க மேடம்" என்றாள்.

எல்லோருக்கும் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நான்கு பேர் தடுமாறினார்கள். சில்வண்டும் அவசரப்பட்டு ஒன்றைத் தப்பாகச் சொன்னாள். ஆனால் தெரியாது என்று தலையைக் குனிந்து உட்கார்ந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. எழுந்து நின்று முட்டி மோதிப் பார்த்தார்கள். என் பிள்ளைகளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. சொல்வதற்கு வெட்கமில்லை, ஆய்வாளர் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "உங்க தம்பி எழுதின குறிப்பைப் படிச்சேன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல, 'பிழை என்னுடையது'ன்னு ஒரு ஃபைல்ல படிச்சது அன்னிக்குத்தான்." உன் புது இருக்கை எங்கே என்று கேட்டேன். மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சில்வண்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "என்னை ஏம்மா எண்ணல?" சொன்னேன், எல்லாவற்றையும். ஒன்பதாவது என்பதையும், நான் பயந்ததையும். மன்னிப்பும் கேட்டேன். "சரி, இனிமே எண்ணிக்கோ" என்றாள். அத்தான் பேச ஆரம்பித்துவிட்டார்.

நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய்?

அக்கா


அக்டோபர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடைசி மணியைப் பற்றி எழுதியதை நான்கு முறை படித்தேன். சில்வண்டிடம் அவள் மாமா எப்போதும் அவளை முதலில் எண்ணிவிட்டுத்தான் மற்றவர்களை எண்ணுவான் என்று சொல்.

கோப்பு இப்போது யாரிடம் என்று எனக்குத் தெரியாது. கிடைக்காமலும் போகலாம்; மனதைத் தயாராக வைத்துக்கொள்.

முதுகுவலி நன்றாகக் குறைந்துவிட்டது. பெரும்பாலும் நின்றுகொண்டேதான் வேலை. அத்தானின் தலையணையைப் பக்கத்து மேசை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

தம்பி


நவம்பர் 15

என் அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம், நலத்துக்கும் மேலே.

இன்று மூன்றாவது பாடவேளையில் தபால்காரர் நேராக என் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். உங்கள் துறை முத்திரை போட்ட நீள உறை. அதைக் கடைசி மணியிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். சில்வண்டு வாங்கி உரக்கப் படித்தாள். முழு வகுப்புக்கும் அனுமதி. முப்பத்தொரு பாடநூல், முப்பத்தொரு கருவிப் பெட்டி, எனக்கு இரண்டு வாரப் பயிற்சி. முழு வகுப்பாக நடத்துவதை ஒரு வருஷம் பார்ப்பார்களாம். பலன் தெரிந்தால் மற்றப் பள்ளிகளுக்கும் அப்படியே. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். எட்டு என்று எழுதச் சொன்ன அதே மனிதர், "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். போகட்டும்.

கூச்சல் அடங்கிய பிறகுதான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். முகவரி கையால் எழுதியிருந்தது. என் பெயர், பள்ளி, தெரு. உன் எழுத்து.

நின்றுகொண்டே வேலை என்றாயே, தபால் பிரிவா? திட்டப் படிவம் வரைந்தவனை உறை ஒட்டுகிற மேசைக்கு அனுப்பிவிட்டார்களா? அதை ஒரு வார்த்தை சொல்லாமல், நல்ல வெளிச்சம், முதுகுவலி இல்லை என்று எனக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தாய்.

உன்னை ஏசத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. பிள்ளைகள் "இது யார் எழுத்து டீச்சர்?" என்று கேட்டபோது, முப்பத்தொரு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று, "என் தம்பியோடது" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த வகுப்பில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை.

உத்தரவைப் பள்ளிக் கோப்பில் வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார், கொடுத்துவிட்டேன். உறையையும் கேட்டார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா